சாவிக்கு அப்பால்

பாடசாலை நூலகர் என்றால் அலுமாரிச் சாவியை வைத்திருப்பவர் என்றுதான் பலருக்கும் நினைப்பு. மன்னார்த் தீவின் தோட்டவெளி போன்ற ஊர்களில், வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறொன்றும் இல்லாத பிள்ளைக்குத்தான் அவர் அருமை தெரியும்.

“மிஸ், மீன் புத்தகம் இருக்கா?” என்று ஒரு பையன் வந்து நிற்கிறான். நல்ல நூலகர் சட்டென்று எதையும் எடுத்து நீட்டமாட்டார். “மீனைப் பற்றியா, மீன் பிடிக்கிறதைப் பற்றியா?” என்று கேட்பார். நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி பகுப்பில் மீனினம் 597, மீன்பிடி 639. அந்த ஒரு கேள்வியில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் அவர் பக்கபலம். புலம்பெயர் பறவைகள் பாடம் வருகிறதென்றால், வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகளைக் காட்டும் படப் புத்தகமும் வரைபடமும் முதல்நாளே மேசைக்கு வந்துவிடும். 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்த இடம் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர்தானே.

உப்புக்காற்று வேறு சும்மா விடாது. தாள் பூத்துப்போகும், இராமபாணப் பூச்சி துளைக்கும். நிழலில் விரித்துக் காற்றாடவிட்டு, கழன்ற முதுகுக்குத் துணிப்பட்டி ஒட்டி, மறுபடி அடுக்குவார்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இலேயே நூலக விதியாக்கினார். அந்த வாசகரைத் தேடிப்பிடிப்பவருக்கு, தான் கற்பிக்கிற பாடவேளைகளுக்கு நடுவே கிடைக்கிற மிச்ச நேரம் போதாது. முழு நேரமும் வேண்டும்.