இளிப்பும் சிரிப்பும்

ஓவியம் படிக்கிற தம்பி ஒருத்தன் தன்னுடைய ஆயாவை வரைந்து எங்கள் கூட்டத்துக்கு எடுத்து வந்திருந்தான். சிமெண்ட் சாக்கு, ரேஷன் கார்டு நகல், பழைய சேலைக் கிழிசல், நெல் உமி எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டி, நடுவே முகத்தை மட்டும் கரித்துண்டால் போட்டிருந்தான். ஆயா சிரிக்கிறாள். பொக்கை வாய்.

அந்தச் சிரிப்பால் சண்டை வந்துவிட்டது. 'வலி எங்கே தம்பி?' என்றார் ஒரு தோழர். 'கும்புடுறேன் சாமின்னு நிக்கிற சிரிப்பு இது, நாமே அதை வரையணுமா?' என்றார் இன்னொருவர். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் 'எவ்வளவு வெள்ளந்தியான சிரிப்பு' என்று உருகினார். தம்பி மூன்று பேருக்கும் பதில் சொல்லவில்லை. படத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சொல்ல விட்டதை இப்போது எழுதுகிறேன்.

வலி எங்கே என்று கேட்ட தோழரை நான் குறை சொல்லமாட்டேன். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட மனிதர். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அவர் உர்ரென்றுதான் இருப்பார். அடிமை சந்தோஷமாக இருக்கிறான், பாரு எப்படிச் சிரிக்கிறான் என்று வெள்ளை எஜமானர்கள் படம் போட்டுக் காட்டிய காலம் அது. சிரிக்க மறுப்பதே அவருக்கு ஓர் அரசியல். நம் சுவர்களில் அம்பேத்கர் இறுக்கமான முகத்தோடு நிற்பதை நாம் விரும்புவதற்குள்ளும் இதே நியாயம் இருக்கிறது. நம்ம சனத்தின் பல்லை எண்ணியவர்கள் அதிகம்.

ஆனால் இதற்கு வேறொரு வழியும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1926இல் பிறந்த கறுப்பினப் பெண் கலைஞர் பெட்டி ஸார், 1972இல் செய்த ஒரு சின்ன வேலை. பெயர் 'ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை'. ஏறக்குறைய ஓரடி உயரம்தான், ஒரு கையில் தூக்கிவிடலாம். கலப்பு ஊடகம் என்று வகைப்படுத்துகிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால், கிடைத்ததைச் சேர்த்து நிறுத்தியது.

ஆன்ட் ஜெமைமா யார்? 1889இல் அமெரிக்காவில் ஒரு பான்கேக் மாவுக்கு வைத்த பெயர். கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடைக்கூத்துப் பாட்டிலிருந்து எடுத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நான்ஸி கிரீன் என்ற பெண்ணை அந்த வேடத்தில் நிற்கவைத்து மாவு சுடவிட்டார்கள். அவர் அடிமையாகப் பிறந்தவர். தலையில் துணிக்கட்டு, வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பு நூறு வருஷத்துக்கு மேல் மாவு விற்றது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு 2020இல்தான் பெயரையும் படத்தையும் எடுக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. அதே 2020 வரைக்கும் நான்ஸி கிரீன் புதைக்கப்பட்ட இடத்தில் ஒரு பெயர்க்கல்கூட இல்லை.

பழைய பொருள் சந்தையில் ஸாருக்கு ஒரு பொம்மை கிடைத்தது. கொழுத்த கறுப்பு வேலைக்காரி, வயிற்றுப் பகுதியில் குறிப்புத்தாள் செருகும் இடம். எஜமானியம்மா கடைச் சாமான் பட்டியலை அவள் வயிற்றில் எழுதிக்கொள்ளலாம்! தாள் இருந்த இடத்தில் இன்னொரு வேலைக்காரியின் படம், அவள் இடுப்பில் அழுகிற குழந்தை. அதற்கு முன்னே கறுப்பர் எழுச்சியின் மூடிய முஷ்டி. பொம்மையின் ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் துப்பாக்கி. காலடியில் பஞ்சு. பின்னால் சுவர் முழுக்க மாவுப் பாக்கெட்டின் அதே சிரித்த முகம் வரிசை வரிசையாக. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆத்திரம் அவருக்குள் இருந்தது. பெர்க்லியில் கறுப்பின நாயகர்களைப் பற்றிய கண்காட்சிக்காக இதைச் செய்தார். நாயகர்கள் என்றதும் தலைவர்களைத் தேடாமல் அடுப்படிக்காரியைக் கொண்டுவந்து நிறுத்திய நெஞ்சுரம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

எல்லாரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பெண்மணி வாயைத் தொடவில்லை. உதட்டை இறுக்கி, கண்ணில் கோபம் ஏற்றித் திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. எவனோ அச்சில் வார்த்த இளிப்பை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியுள்ளதை மாற்றினார். தூரிகையால் வரைந்திருந்தால் அது ஸாருடைய சிரிப்பாகியிருக்கும். ஒட்டி நிறுத்தியதால் அது சான்றுப்பொருள். உங்க வீட்டு மேசைமேல் நீங்க வச்சிருந்ததுதான், இப்ப பாருங்க என்று காட்டுவது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் அதே இளிப்பு பயமுறுத்துகிறது. இத்தனை நாளும் இவள் எதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்ற கேள்வி பார்க்கிறவன் வயிற்றைக் கலக்குகிறது. (பம்பாயில் தலித் பேந்தர்ஸ் கிளம்பியதும் இதே 1972இல்தான். கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்ட நம் ஆட்கள், அதே வருஷத்தில் நடந்த இந்த அடுப்படிக் கலகத்தையும் கவனித்திருக்கலாம்.)

1980இல் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் வேறு மாதிரி செய்தார். கறுப்புப் பின்னணியில் கறுப்பு முகம். பளிச்சென்று தெரிவது கண்ணின் வெள்ளையும், ஒரு பல் விழுந்த இளிப்பும். அது ஒட்டியதல்ல, முட்டைக்கரு கலந்த வண்ணத்தில் அவரே வரைந்தது. இருட்டில் பல் மட்டும் தெரியுமே என்ற கேலியை, தன் உருவப்படத்தின் மேலேயே போட்டுக்கொள்கிறார். நம்ம சினிமாவில் கருத்த நடிகனை வைத்து இன்னமும் இந்த ஜோக்கு ஓடுகிறது, நாமும்தான் சிரிக்கிறோம்.

தம்பியின் ஆயாவுக்கு வருகிறேன். என் ஆயாவுக்கும் ஒரு சிரிப்பு இருந்தது. களத்துமேட்டில் கூலி நெல்லுக்கு நிற்கும்போது வரும். 'சிரிச்சு நின்னா ஒரு படி கூடப் போடுவாங்கடா. மூஞ்சத் தூக்குனா உள்ளதும் போச்சு' என்பாள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றிவைத்துவிட்டு, ஆண்டை நடக்கிற நடையை நடந்து காட்டுவாள். தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும். வாய் ஒன்றுதான், சிரிப்பு இரண்டு. ஸார் தோலுரித்தது முதலாவதை. இரண்டாவதை எந்தக் கம்பெனியும் அச்சிடவில்லை, அதை ஒருத்தன் வரைந்துதான் ஆகவேண்டும். தம்பி வாயைக் கரியால் வரைந்ததும் மற்றதையெல்லாம் ஒட்டியதும் அதனால்தான் சரி. கும்பிடுறேன் சாமி சிரிப்பில் கண் கீழே பார்க்கும். இந்த ஆயாவின் கண் நேரே பார்க்கிறது, இடது கண் கொஞ்சம் சுருங்கி, நக்கலாக. தோழர் வாயை மட்டும் பார்த்துவிட்டார். பத்திரிகைக்காரரும் அப்படித்தான்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். 'ஆயா எதுக்குடா சிரிச்சுது?' என்று கேட்டதற்கு, 'நான் வரைஞ்ச மூக்கப் பாத்துட்டுண்ணே' என்றான்.

குறையும் உண்டு. உமியைப் படம் முழுக்கச் சீராகத் தூவிவிட்டான், கொலுப்படிக்கு மினுக்குத்தூள் போட்ட மாதிரி இருக்கிறது. ரேஷன் கார்டு நகல் கழுத்தடியில் அழகுக்காக நிற்கிறது, அதில் ஒட்டியிருக்கிற பெயரையும் வயதையும் சேலைத் துணி மறைக்கிறது. மாவு விற்ற நான்ஸி கிரீனுக்கே பெயர்க்கல் இல்லாமல் போயிற்று. துணியைக் கொஞ்சம் விலக்கி ஒட்டிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கிட்டு வாடா என்று சொல்லியிருக்கிறேன்.