ஒன்பது அங்குலம்

எந்த முன்சீப் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். வரப்பு, வேலி, பொதுச் சுவர், பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து கொட்டும் மழைத் தண்ணீர் என்று ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஆனால் நம் கதைப் புத்தகங்களைப் புரட்டினால் நிலைமை தலைகீழ். காதலுக்கு நானூறு பக்கம். வேலிச் சண்டைக்கு நாலு வரி. அதுவும் வாசகரைச் சிரிக்கவைக்க. காதலிக்காமலே ஆயுளைக் கழித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு முறையாவது மனஸ்தாபப்படாதவர் யார்? இந்த விஷயத்தை நாவலாசிரியர்களாகிய நாம் ஏன் ஒதுக்குகிறோம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நானும் ஒரு தடவை எழுதிப் பார்த்துத் தோற்றவன். அதைச் சொல்லுமுன் ஜயித்தவர்களைப் பார்ப்போம்.

ருஷ்ய ஆசிரியர் கோகோல் 1835-இல் வெளியிட்ட 'மிர்கொரோத்' தொகுதியில் இரண்டு இவான்களின் சண்டையைச் சொல்லும் நெடுங்கதை இருக்கிறது. இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஊரே மெச்சும் சிநேகிதர்கள். ஒருவர் மற்றவருடைய துப்பாக்கியைக் கேட்கிறார். பதிலுக்கு ஒரு பன்றியும் இரண்டு மூட்டை ஓட்ஸ் தானியமும் தருவதாகச் சொல்கிறார். மற்றவர் மறுக்கிறார். பேச்சு தடித்து, 'வாத்து' என்று ஒரு வசவு விழுகிறது. அவ்வளவுதான். சிநேகிதர்கள் வேலியைத் தாண்டிப் போய்வந்த இடத்துக்கு நேரே ஒரு வாத்துக் கொட்டகை முளைக்கிறது. இரவோடிரவாக அதன் கால்களை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுகிறார் எதிராளி. பிறகு கோர்ட்டு. பல வருஷம் கழித்துக் கதை சொல்பவர் அந்த ஊர்ப் பக்கம் வரும்போது இருவரும் நரைத்துப்போயிருக்கிறார்கள். தீர்ப்பு நாளைக்கே தமக்குச் சாதகமாக வந்துவிடும் என்று இருவருமே தனித்தனியாகச் சொல்கிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கு அந்த இடத்தில் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

டால்ஸ்டாய் 1885-இல் எழுதிய கதையில் சண்டை ஒரு கோழி முட்டையில் ஆரம்பமாகிறது. ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டு முற்றத்தில் முட்டையிட்டுவிட்டதாகச் சந்தேகம். பெண்கள் வாய்ச்சண்டை, ஆண்கள் கைகலப்பு, தாடி மயிரைப் பிடுங்கியதற்கு வழக்கு, கடைசியில் ஒருவனுக்குக் கசையடித் தீர்ப்பு. அவமானம் பொறாமல் அவன் எதிராளியின் கொட்டகைக்கு இரவில் தீ வைக்கிறான். வீட்டுக்காரன் அதைக் கண்ணால் பார்க்கிறான். எரியும் வைக்கோலைக் காலால் மிதித்திருந்தால் தீ அங்கேயே அணைந்திருக்கும். அவனோ தீயை விட்டுவிட்டு ஆளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான்! பாதிக் கிராமம் சாம்பலாகிறது. டால்ஸ்டாய் உபதேசம் செய்கிறார் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. உண்மைதான், செய்கிறார். ஆனால் அந்த ஓட்டத்தை எழுதிய கைக்கு எவ்வளவு உபதேசத்தை வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

அமெரிக்கக் கவி ராபர்ட் ஃபிராஸ்ட் 1914-இல் வெளியிட்ட ஒரு கவிதையில் இரண்டு அண்டை வீட்டார் சரிந்த கற்களை எடுத்து எல்லைச் சுவரைச் செப்பனிடுகிறார்கள். சுவரே வேண்டாம் என்று நினைப்பவர் கவிதை சொல்பவர். வேண்டும் என்பவர் பக்கத்துக்காரர். ஆனால் செப்பனிட வா என்று முதலில் சொல்லியனுப்புவது யார்? சுவர் வேண்டாம் என்பவர்தான். 'நான்' என்று பேசும் பாத்திரத்தையே ஆசிரியர் சந்தேகத்தோடு பார்க்கிறார். இந்த மூவருக்கும் பொதுவான குணம் அதுதான். நியாயத்தை முழுசாக ஒரு பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

இனி என் கதை. மகாகவி பாரதி நகர் என்ற அழகான பெயரை எம்.கே.பி. நகர் என்று சுருக்கிவிட்ட வடசென்னைக் குடியிருப்பில் எனக்கு ஒரு வீடு உண்டு. பராசக்தியிடம் ஒரு காணி நிலம் கேட்ட கவியின் பெயர் வைத்த இடம். காணி என்றால் இருபத்து நாலு மனை. மனை 2,400 சதுர அடி. எங்கள் தெருவில் முழு மனை உள்ளவரே குபேரர். இடம் குறைவு, அதனால் சண்டை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தஞ்சாவூரில் வேலிக் கணக்கில் நிலம் உள்ளவர்களும் வரப்பை வெட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் நகர்ந்துவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் நடுச்சுவரை இடித்து உயரமாகக் கட்டினார். ஒன்பது அங்குலம் என் பக்கம் வந்துவிட்டது என்று நான் நோட்டீஸ் விட்டேன். பிறகு வழக்குப் போட்டேன். கோர்ட்டு நியமித்த கமிஷனர், சர்வேயரையும் நாடாவையும் அழைத்துக்கொண்டு வந்து அளந்தார். கோடு எங்கே என்று சொல்ல 1923-ஆம் வருஷத்து நில அளவைச் சட்டமும் புலப்படமும் கல்லும் இருக்கின்றன. அவன் ஏன் அந்தச் சுவரை உயர்த்தினான் என்று சொல்ல ஒரு சட்டமும் கிடையாது. அது கதாசிரியனின் வேலை.

அந்த வேலையைத்தான் நான் செய்யவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வாரப் பத்திரிகையில் கதை எழுதினேன். பொறுமைசாலியான ஓர் ஆசிரியர். நிலத்தாசை பிடித்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. நடை குற்றமில்லை; சம்பாஷணை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அந்த இரண்டாவது மனிதருக்கு ஒரு மனைவி இல்லை, பேரக் குழந்தை இல்லை, விடியற்காலை எழுந்து வாசலில் நிற்கும் ஒரு நிமிஷம்கூட இல்லை. 'பேராசை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆளைத் துரத்தியிருக்கிறேன்.

இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் விமர்சகர் யாருமில்லை. கதை வந்த மறு வாரம், நான்கு வருஷமாக என்னோடு பேசாதவர், சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

"சார், கதை படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்தப் பூச்சியை எழுதலையே சார்?"

எனக்கு உடனே விளங்கியது. சுவரோரம் நிற்கும் முருங்கை மரம் என்னுடையது. மழைக்காலம் வந்தால் அதன் கம்பளிப்பூச்சிகள் பழைய குட்டைச் சுவரைத் தாண்டி அவர் வீட்டுக்குள் இறங்கும். தூளியில் கிடந்த அவருடைய பேரக் குழந்தைக்கு ஒரு முறை உடம்பெல்லாம் தடித்துப்போயிற்று. மரத்தைக் கழித்துவிடும்படி இரண்டு முறை கேட்டார். 'பார்க்கலாம்' என்றேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை, கொத்தனாரைக் கூப்பிட்டார். கதை எழுதும்போது எனக்கு இது தெரியும். தெரிந்தே விட்டிருந்தேன். சேர்த்தால் கதையின் உருவம் கெட்டுவிடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெட்டிருக்கும் என்பது வாஸ்தவம். அந்த உருவம் கெடவேண்டிய உருவம்தான்.

பிறகு கிளைகளைக் கழித்தேன். வழக்கு ராஜியில் முடிந்தது. சுவர் அவர் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அந்தக் கதையை என் தொகுதி எதிலும் சேர்க்கவில்லை. பூச்சியையும் வைத்து மறுபடி எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் எப்படியோ நல்லவனாக நானே வந்து நின்றுவிடுகிறேன். அப்படி வராமல் என்றைக்கு எழுத முடிகிறதோ அன்றைக்கு அச்சுக்குக் கொடுப்பேன். அதற்கு முன் கையெழுத்துப் பிரதியைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முறை நீட்டியாக வேண்டும்.