ஓடிப்போன தெய்வம்: பாந்தோய்பியை வாசித்தல்

'மணிப்பூரின் துர்க்கை' என்று பாந்தோய்பியை ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்தச் சமன்பாடு எதை மறைக்கிறது என்று பார்க்கவேண்டும்.

'பாந்தோய்பி கோங்குல்' பழைய மெய்தெய்ப் பிரதி. பாந்தோய்பியின் காலடித் தடம் என்று பொருள். காபா குலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். காதலோ நோங்மைஜிங் மலைக்காரனான நோங்போக் நிங்தௌமேல். புகுந்த வீட்டை விட்டு அவனோடு போய்விடுகிறாள். காபாக்கள் தடம் பார்த்துத் துரத்துகிறார்கள். வேறு கதையாக இருந்தால் இந்த இடத்தில் வெட்டுக்குத்து விழுந்திருக்கும். இல்லை, அவள் செத்துப்போய் அப்புறம் சாமியாகியிருப்பாள். இங்கே அதெல்லாம் கிடையாது. துரத்தியவர்களே கடைசியில் அவளைக் கும்பிடுகிறார்கள். ஓடிப்போனதற்கு அவள் எந்த விலையும் தரவில்லை. தெய்வத்தன்மையும் மீறலும் இந்தப் பிரதியில் ஒன்றையொன்று விலக்கவில்லை.

1709இல் பட்டத்துக்கு வந்த பாம்ஹேய்பா, வைணவனாகிக் கரீப் நிவாஸ் என்று பெயர் கொண்டபின் புயா எனும் ஏடுகளை எரித்தான். அந்த நெருப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நெருப்பைவிடச் சாமர்த்தியமானது பெயர் மாற்றம். நோங்போக் நிங்தௌ சிவனானான், பாந்தோய்பி பார்வதி/துர்க்கை ஆனாள். அவர்களுடைய மலையில் மகாதேவர் கோயில். கள்ளக் காதலன் கட்டிய புருஷனாகிவிட்டான்! அப்படியென்றால் காபா எங்கே? யார் வீட்டிலிருந்து யார் போனது? அவள் பெயரை விட்டுவைத்து அவள் செயலைத் துடைத்தது இந்தச் சமன்பாடு.

ஏட்டை எரிக்கலாம், ஆட்டத்தை எரிக்க முடியாதே. லாய் ஹராவ்பா சடங்கின் கடைசிப் பகுதியில் காதலன் தாங்குல் ஆணாகவும் அவள் தாங்குல் பெண்ணாகவும், நூராபியாக, வேடமிட்டுக் காட்டு விவசாயம் செய்வதுபோல் நடிக்கிறார்கள். பேச்சு முழுக்கச் சிலேடை, நையாண்டி, பச்சையான குறும்பு. பக்தி இலக்கியத்தின் நாயகி பாவம் என்று இதை யாராவது விளக்க வந்தால் சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

1930இல் காசாரில் நவ்ரியா ஃபுலோ தொடங்கிய மீட்பியக்கத்தின் வழியே வந்தவர்கள் இந்துச் சமன்பாட்டை மறுத்தது நியாயம். ஆனால் கலப்பில்லாத மெய்தெய் அடையாளம் என்ற ஒன்றை அந்த இடத்தில் நிறுத்தினால் பாந்தோய்பி அதற்குள்ளும் அடங்கமாட்டாள். அவள் காதலனைச் சேர்ந்தது மலைவாசிகளின் உடையில். 2023 மே 3இல் மெய்தெய்–குக்கி வன்முறை வெடித்து, பள்ளத்தாக்குக்கும் குக்கிகளின் மலைகளுக்கும் இடையே காவலரண்கள் எழுந்த பிறகு இந்த வேடத்தைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. தாங்குல்கள் குக்கிகள் அல்ல, நாகர்கள். என்றாலும் மலைக்காரர்களை இப்பள்ளத்தாக்கு எப்படிக் கற்பனை செய்கிறது என்ற கேள்வி ஒன்றுதான். விடுதலைக்கு வேண்டிய உடையாக மலை வருகிறது, உடைக்குரியவள் வருவதில்லை. நூராபியாக நின்று பேசுகிறவர் மெய்தெய் மைபி, பூசாரிப் பெண். நிஜ நூராபிக்கு அந்த ஆட்டத்தில் வசனம் இல்லை.