பேகனைப் பாடிய ஐந்து பாடல்கள்: ஒரு பொருள், நான்கு புலவர்கள்

புறநானூற்றின் 143 முதல் 147 வரையிலான ஐந்து பாடல்கள், பழனி மலைப்பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகனை நோக்கிப் பாடப்பட்டவை. பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொரு பெண்ணை நாடிச் சென்றான். அவனை மனைவியிடம் திரும்புமாறு கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் வேண்டினர். பரணர் பாடியவை இரண்டு. மற்ற மூவரும் ஒவ்வொரு பாடல் பாடினர். சங்கப் புலவர் ஒரு பாடலை எப்படி ஆக்கினார் என்பதை அறிய விரும்புவோருக்கு இந்த ஐந்தும் நல்ல சான்றுகள். பொருள் ஒன்றாக இருப்பதால், ஒவ்வொருவரும் அதை வைத்து என்ன செய்தார் என்பது தெளிவாகத் தெரிகிறது.

இக்கண்ணகி வேறு, சிலப்பதிகாரக் கண்ணகி வேறு. பேகன் மனைவியின் பெயர் பாடல்களுக்குள் இல்லை. பாடல்களின் அடியில் உள்ள கொளுக்குறிப்புகளே அப்பெயரைத் தருகின்றன. அவை நூலைத் தொகுத்தவர்கள் வழி வந்தவை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அக்குறிப்புகளும் அச்சேறின.

இடமும் தலைவனும்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் கிளை. அடிவாரத்தில் பழனியும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கொடைக்கானலும் உள்ளன. பழனியின் பழம்பெயர் பொதினி. அகநானூற்றின் முதற்பாடலில் மாமூலனார் இதை ஆவி என்னும் தலைவனின் ஊராகக் குறிக்கிறார். அந்த ஆவியர் குடியில் வந்தவன் பேகன்.

பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணி அதற்குத் தன் போர்வையைத் தந்தவன் என்பது அவனது புகழ். இந்த ஐந்து பாடல்களுக்கு முன்னுள்ள 141, 142 ஆகிய இரண்டும் பரணர் அவனைப் புகழ்ந்து பாடியவை. மயில் போர்வையை உடுத்தாது என்று தெரிந்தும் கொடுத்தவன் என்கிறது முதலாவது. அவன் கொடை மறுமைப் பயனை எண்ணியதன்று, பிறர் வறுமையைப் பார்த்துச் செய்தது என்றும் சொல்கிறது. இரண்டாவது, குளம், வயல், களர் நிலம் என்று பாராமல் பெய்யும் மழையோடு அவனை ஒப்பிடுகிறது. கொடைமடம் என்ற சொல்லுக்கு இலக்கணமாகக் காட்டப்படும் பாடல் அதுவே.

நான்கு புலவர்களும் எளியவர்கள் அல்லர். பதிற்றுப்பத்தில் ஐந்தாம் பத்தைப் பரணரும், ஏழாம் பத்தைக் கபிலரும், எட்டாம் பத்தை அரிசில்கிழாரும், ஒன்பதாம் பத்தைப் பெருங்குன்றூர்கிழாரும் பாடினர். சேர வேந்தரைப் பாடியவர்கள் ஒரு மலைநாட்டுத் தலைவனின் வீட்டு விவகாரத்தைப் பாட வந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பாடல்களின் ஆக்கம்

பரிசில் வேண்டி வாழும் புலவர், தமக்குக் கொடுப்பவனிடமே அவன் தவறைச் சொல்ல வேண்டும். நால்வருக்கும் இருந்த சிக்கல் இதுதான். பாடல்களின் அமைப்பு முழுவதும் இந்தச் சிக்கலிலிருந்தே பிறக்கிறது.

கபிலர் (143) தெரியாதவர் போலக் கேட்கிறார். மலைக் குறவர்கள் மழை வேண்டிப் பலியிடுகிறார்கள். மழை மிகுந்துவிடவே, அது நிற்க வேண்டும் என்று மறுபடி கடவுளைப் பேணுகிறார்கள். மழை நின்றதும் மகிழ்ந்து தினை உண்கிறார்கள். இது வெறும் நாட்டு வருணனையாகத் தோன்றும். பாடலின் பிற்பகுதியில்தான் அதன் பயன் விளங்குகிறது. பசித்த சுற்றத்தோடு வந்து, அருவி ஒலிக்கும் மலைச் சிற்றூரின் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடியபோது, ஒரு பெண் கண்ணீரை நிறுத்த முடியாமல் குழல் இரங்குவதுபோல் அழுதாள். அவள் யாரோ என்கிறார் புலவர். மலையில் பெய்யும் மழை வேண்டினால் நிற்கிறது; மன்னன் வீட்டில் பெய்யும் கண்ணீர் நிற்கவில்லை. கபிலர் இந்த ஒப்பீட்டைச் சொல்லாமல் கேட்பவனிடம் விட்டுவிடுகிறார்.

பரணரின் முதற்பாடல் (144) நேர்மாறானது. நீ அருளாதிருப்பது கொடுமை என்றே அது தொடங்குகிறது. பிறகு ஓர் உரையாடல் வருகிறது. நீ பேகனுக்கு உறவினளோ என்று புலவர் கேட்க, அவள் விரல்களால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் அவன் உறவினள் அல்லள் என்கிறாள். தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, ஒலிக்கும் தேரோடு அவன் முல்லை வேலி சூழ்ந்த ஊருக்கு நாள்தோறும் வருவதாகச் சொல்கிறார்கள் என்கிறாள். ஐந்து பாடல்களில் அவள் வாய்திறந்து பேசுவது இங்கு மட்டுமே. அவள் கணவனைப் பழிக்கவில்லை. உறவை மறுப்பதே அவள் சொல்லும் குற்றச்சாட்டு.

பரணரின் இரண்டாம் பாடல் (145) பேகனின் புகழையே அவனுக்கு எதிர்ச் சாட்சியாக நிறுத்துகிறது. மயிலுக்கு இரங்கிப் போர்வை தந்தவனே என்று விளிக்கிறார். தாம் பசியால் வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை என்கிறார். இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பதே தாம் இரக்கும் பரிசில் என்று முடிக்கிறார். கேளாத பறவைக்குக் கொடுத்தவன், அழும் மனைவிக்குக் கொடுக்கவில்லை என்ற பொருள் அந்த விளியிலேயே அடங்கிவிடுகிறது.

அரிசில்கிழார் (146) அருங்கலமும் செல்வமும் வேண்டாம் என்று மறுக்கிறார். தமக்குப் பரிசில் தர விரும்பினால், மயில்தோகை போன்ற அவள் கூந்தல் மீண்டும் நறும்புகை பெற்று மாலை சூடும்படி குதிரைகளைத் தேரில் பூட்டுக என்கிறார். இங்கு மயில் விளியில் இல்லை. அவள் கூந்தலுக்கு உவமையாக வந்து நிற்கிறது.

பெருங்குன்றூர்கிழார் (147) குரலைத் தாழ்த்துகிறார். கார்கால மழைத்துளியின் ஒலியைத் தனியே கேட்டபடி ஒருபுறம் இருக்கிறாள் அவள். எண்ணெய் காணாத கூந்தலைக் கழுவி அவள் புதுமலர் சூட, நீ இன்றே புறப்பட்டால் அதுவே எம் பரிசில் என்கிறார்.

பொதுச் சரக்கும் தனித்திறனும்

சிறிய யாழ், மாலைக்குரிய செவ்வழிப் பண், மழை, கூந்தல், தேர் ஆகியவை இப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலில், இத்தகைய மரபுத்தொடர்களை வாய்மொழிப் பாணர் மரபின் அடையாளமாக விளக்கினார். அவ்விளக்கம் பொருள்கள் பொதுவாக இருப்பதற்குக் காரணம் சொல்கிறது. பாடல்கள் வேறுபடுவதற்குக் காரணத்தை ஒவ்வொரு புலவரின் தெரிவில்தான் தேட வேண்டும். 144இல் தேர் வேறொருத்தியின் ஊருக்கு ஓடுகிறது. 145, 146 இரண்டிலும் அதே தேர் மனைவியிடம் திரும்பப் பூட்டப்படுகிறது. மழை கபிலரிடம் கடவுளுக்குக் கட்டுப்படுகிறது, பெருங்குன்றூர்கிழாரிடம் தனிமையின் ஒலியாகிறது. சரக்கு ஒன்று, வேலைப்பாடு வேறு.

பிரிவு, கார்காலம், புனையாத கூந்தல், தேரின் வரவு ஆகியவை அகப்பாடலுக்கு உரியவை. அகத்தில் தலைவன் பெயர் சொல்லப்படுவதில்லை. இங்கோ பேகன் பெயர் வெளிப்படையாக உள்ளது. அகத்தில் தோழியோ பாணனோ செய்யும் வேலையைப் புலவரே தம் பெயரில் செய்கிறார். அதனாலேயே இவை புறநானூற்றில், பெருந்திணை, குறுங்கலித் துறையில் வைக்கப்பட்டன.

மதிப்பீடு

சங்கப் புலவர் கொடுத்தவரைப் புகழ்ந்து வயிறு வளர்த்தவர் என்று சொல்வோர் உண்டு. இந்த ஐந்து பாடல்களும் அதற்கு விடை. புலவர்கள் பரிசில் கேட்கும் வடிவத்தை விடவில்லை. ஆனால் பரிசில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் வாழ்வை வைத்தார்கள். அதே சமயம் இப்பாடல்களின் எல்லையையும் மறக்கக் கூடாது. அவளுக்கு நீதி என்பது கணவன் திரும்பி வருவது என்ற அளவிலேயே நிற்கிறது. அவன் நாடிச் சென்ற பெண்ணின் நிலையை எவரும் கேட்கவில்லை. பேகன் திரும்பினானா என்பதையும் பாடல்கள் சொல்லவில்லை; ஐந்தும் வேண்டுகோளோடு நின்றுவிடுகின்றன.

இவற்றைப் பயிலும் மாணவர்கள் 141, 142 ஆகிய புகழ்ப்பாடல்களை முதலில் படித்து, பிறகு 143 முதல் 147 வரை வரிசையாகப் படிப்பது நல்லது. மயில், மழை, தேர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பாடலிலும் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டால், நான்கு புலவர்களின் கைவண்ணமும் உரையின் துணை அதிகம் இல்லாமலே விளங்கும்.