வெள்ளமும் எமது எழுத்தாளரும்

வெள்ளத்தைப் பொருளாகக் கொண்டு ஈழத்துத் தமிழில் எழுதப்படும் கதைகள் பல ஒரே இடத்தில் முடிந்துவிடுகின்றன. நீர் ஏறுகிறது, தாயொருத்தி பிள்ளையைத் தோளிற் சுமந்துகொண்டு பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடுகிறாள், சமைத்த உணவுப் பொதி வருகிறது, நீர் வடிகிறது, கதையும் வடிந்துவிடுகிறது. வாசகன் கண் கலங்குகிறான் என்பது மெய்தான். ஆனால், கமக்காரனுக்கு நீர் வடிந்த மறுநாட் காலையிலேதான் வெள்ளம் தொடங்குகிறது என்பதை இக்கதைகளை எழுதுவோர் அறிந்தவராகத் தெரியவில்லை.

மட்டக்களப்பின் படுவான்கரையை எடுத்துக்கொள்வோம். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த பெரும்போக நெல், தை மாதத்திற் குடலையும் கதிருமாக நிற்கும். மழை மும்முரமாவதும் அதே காலத்தில்தான். மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்கள் நிரம்பி வான் பாய, அந்நீர் வட்டைகளை மூடிக் கிழக்கே வாவியைச் சேர்கிறது. வாவியின் வாயை மணற்றிடல் அடைத்திருக்குமாயின், போக வழியின்றி நீர் வயலிலேயே தேங்கும். 1957 மார்கழியிற் குளங்கள் பலவற்றை உடைத்த வெள்ளத்தை முதியோர் நெடுங்காலம் பேசினர். 2011 தை, மாசி மாதங்களில் அடுத்தடுத்து வந்த வெள்ளங்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்தன. அவர்களுட் பெரும்பாலோர் கிழக்கைச் சேர்ந்தவர்கள். போரினால் இடம்பெயர்ந்து மீண்டு வந்து, கடன்பட்டு விதைத்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

முற்றும் வேளையிற் பயிர் சாய்ந்து நீரிற் கிடந்தால் மணி கதிரிலேயே முளைத்துவிடும். வயல்மீது மணல் படிந்தால் அதனை அள்ளக் கூலி கொடுக்கவேண்டும். பசளைக்கு வாங்கிய கடன் நிற்க, அடுத்த போகத்து விதைநெல்லுக்கு வேறு கடன். போடியாருக்கு ஒரு போகம் நட்டம். குத்தகைக்குச் செய்தவனுக்கோ விளைவும் இல்லை, கொடுத்த குத்தகையும் திரும்பாது. உணவுப் பொதியோடு முடியும் கதையில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. அங்கே எல்லாரும் ஒரே கூரையின் கீழ் நனைந்தவர்கள். நனைந்தவர்களுக்குள் வர்க்கம் இல்லைப் போலும்!

இக்குறைபாட்டின் வேரை எமது இலக்கிய மரபிலே தேடலாம். கம்பன் பாலகாண்டத்தின் முதற் படலத்தைச் சரயுவின் வெள்ளத்துக்கே ஒதுக்கினான். பள்ளு நூல்களில் ஆற்று வெள்ளம் ஐந்திணையையும் கடந்து ஆரவாரத்தோடு வருகிறது. வெள்ளம் வளத்தின் அறிகுறி; புலவன் மேட்டில் நின்று கண்டு களிக்கிறான். ஆற்றுநீரை நம்பியிருந்த வேளாண் சமுதாயத்தில் இது பொருந்தாத மகிழ்ச்சி என்று நாம் கூறவில்லை. ஆயினும் வரம்பில் நின்றவனின் நோக்கு இதுவன்று.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே, பிட்டுக்கு மண் சுமந்த கதை இதற்கு ஒரு விலக்கு. வைகை கரையை உடைக்கிறது. கரையை அடைக்கும் வேலையை மதுரை மக்களுக்குப் பங்கிட்டு விடுகிறான் பாண்டியன். பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு. ஆளில்லாத ஏழைக்கும் உறவும் பொருளும் உடையவனுக்கும் ஒரே அளவான பாரம்! இறைவன் கூலியாளாக வந்த அற்புதத்தை ஒருபுறம் வைத்தாலும், வெள்ளத்தை அடைக்கும் உழைப்பு எவர் தலையில் விழுகிறது என்ற வினாவை அக்கதை எழுப்பிவிட்டது. பக்தி நூல் கேட்ட கேள்வியை யதார்த்தம் பேசும் எமது சிறுகதை கேளாதிருப்பது விசித்திரமே.

மலையாளத்துத் தகழி சிவசங்கரப்பிள்ளை, குட்டநாட்டு வயற்புறத்தை வைத்து ‘வெள்ளப்பெருக்கில்’ என்ற சிறுகதையை எழுதினார். சேன்னன் என்ற ஏழை, குடும்பத்தோடு தோணியில் ஏறித் தப்புகிறான். நாய் கூரைமேல் விடப்படுகிறது. எசமானின் வாழைக்குலையையும் வைக்கோலையும் திருடரிடமிருந்து காக்க முயன்ற அந்த நாயை முதலை கொல்கிறது. ஒப்பாரியோ உபதேசமோ அங்கில்லை. ஒரு வாழைக்குலை அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதைக் கதை சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

எமது கிழக்கிலும் இதற்கு ஈடான பொருள் உண்டு. வெள்ள காலத்தில் முகத்துவாரத்தை வெட்டுவது எப்பொழுது என்பதே அது. விரைந்து வெட்டினால் வயல் நீர் கடலுக்கு வடியும். கமக்காரன் அதைக் கோருகிறான். வெட்டினால் வாவியின் மீனும் இறாலும் நீரோடு போய்விடும், மீனவன் மறுக்கிறான். இருவரும் உழைப்பாளிகள், இருவருக்கும் கடன் உண்டு, இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. முடிவோ கச்சேரியின் கையில். நீர் ஒவ்வோர் அங்குலமாக ஏறும்போது அங்கு நடக்கும் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள்! உழைப்பாளி நல்லவன், முதலாளி தீயவன் என்ற சுலபமான வாய்பாடு இங்கே உதவாது. அதனாலேயே எமது முற்போக்கு எழுத்தாளர் இப்பொருளைத் தீண்டவில்லையோ என்று நாம் ஐயுறுகிறோம். உழைப்பவர் இருவரை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவது எது? மணற்றிடலா, வயலுக்கும் வாவிக்கும் சேர்த்து ஒரு நீர்த்திட்டம் வகுக்காத ஆட்சியா? இதனை ஆராய்பவனே சமுதாய நோக்குடைய எழுத்தாளன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நீலாவணனின் ‘வேளாண்மை’ காவியத்தை வாசித்தவர்கள், மட்டக்களப்பு வயல்வெளியின் பேச்சு கவிதைக்குள் எத்துணை இயல்பாக அமையும் என்பதை அறிவர். அவர் 1975இல் மறைந்தார். அந்த வழி திறந்தே கிடக்கின்றது. ஆயினும் எமது பார்வைக்கு வந்த கதைகள் சிலவற்றில், வட்டையும் வாடியும் முல்லைக்காரனும் காணப்படவில்லை. வெள்ளத்தில் நின்று பேசும் படுவான்கரைக் கமக்காரன், ‘மறுகா’ என்னவேண்டிய இடத்தில் யாழ்ப்பாணத்துப் ‘பேந்து’ என்கிறான்.