வீட்டுக்கு எந்த ஃபில்டர்?

காபிக் கருவி வாங்கப் புறப்படுகிறவர் விலையை விசாரிப்பதற்கு முன்னால் தம் வீட்டில் குடிக்கிற காபி எது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தமிழ் வீடுகளில் காபி என்றால் பாலும் டிகாக்‌ஷனும். டம்ளரில் பெரும்பகுதி பால்தான். டிகாக்‌ஷன் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்சம் பாலையும் சர்க்கரையையும் மீறி நாக்கில் நிற்க வேண்டும். அளவில் சுருக்கமாகவும் குணத்தில் கள்ளிச்சொட்டாகவும் இறக்கித் தருவதே நமக்கேற்ற கருவி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பால் சேர்க்காத சொட்டுக் காபிக்கு ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் வகுத்திருக்கும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 55 கிராம் பொடி. நம் அடுப்படியில் 30 கிராம் பொடிக்கு 150 மில்லி தண்ணீர் ஊற்றினால், லிட்டருக்கு 200 கிராம் ஆகிறது. பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். மிச்சம் கீழே இறங்குவது சுமார் 90 மில்லி. மூன்று டம்ளருக்கு அது தாராளம். மேல்நாட்டுக் கருவிகளில் பல முதல் கணக்குக்குச் செய்யப்பட்டவை. அவற்றில் இரண்டாவது கணக்கை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

காபிச் செடி இந்த நாட்டுக்கு வந்த கதையில் பாபா பூதனும் ஏழு விதைகளும் சிக்மகளூர் மலைகளும் வருவதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் அந்தப் பானம் வீட்டுக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தையும் எதிர்ப்பையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கருவியின் வரலாறு அவ்வளவு பேசப்படுவதில்லை. மேலடுக்கில் பொடி, கீழடுக்கில் வடிநீர், நடுவில் துளையிட்ட தட்டு என்ற அமைப்பு 1800 வாக்கில் பாரிஸில் புழக்கத்துக்கு வந்தது. பேராயர் தெ பெல்வா பெயரை அதனோடு சேர்த்துச் சொல்வார்கள். வியட்நாமில் கோப்பையின் மேலேயே உட்கார வைக்கும் ஃபின் என்ற வடிப்பானும் இதே குடும்பம்தான். அவர்களும் பாலுக்காகவே கெட்டியாக வடிக்கிறார்கள்.

நம்மிடையே உள்ள மரபுகளில் பழையது துணி. கொதிநீரில் பொடியைப் போட்டு மூடி, தெளிந்தபின் வடித்தெடுப்பார்கள். அல்லது பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டிப் பொடியைப் பரப்பி வெந்நீர் விடுவார்கள். கல்யாண வீடுகளில் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் காபி கொடுக்க வேண்டுமென்றால் இன்றும் துணிக்கு நிகரில்லை. வீட்டில் தினமும் அதை அலசி, வாடை போக உலர்த்தி வைப்பது சிரமம்.

அடுத்தது பித்தளை ஃபில்டர். கனமான சுவர், சூட்டைத் தாங்கி நிற்கும். ஆனால் குளிர்ந்து கிடக்கும் பித்தளையில் நேரே தண்ணீரை ஊற்றினால் அந்தச் சூட்டில் ஒரு பகுதியைப் பாத்திரமே வாங்கிக்கொள்ளும். காபியின் சாரம் சரியாக இறங்க நீர் 90 முதல் 96 டிகிரிக்குள் இருப்பது நல்லது. எனவே பித்தளைக்காரர்கள் முதலில் வெந்நீர் விட்டு அலசிக்கொள்ள வேண்டும். உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளுங்கள். காபிக்குப் புளிப்புத் தன்மை உண்டு, பூச்சில்லாத பித்தளையில் டிகாக்‌ஷனை இரவெல்லாம் வைக்கக் கூடாது. இவ்வளவு கவனிப்புக்கும் தயாராக இருப்பவருக்குப் பித்தளை நல்ல துணை.

எவர்சில்வருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. பித்தளையில்தான் மணம் என்று சாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மணத்தைத் தீர்மானிப்பவை பொடியின் புதுமை, தண்ணீரின் சூடு, அடித்தட்டின் துளைகள் ஆகிய மூன்றுமே. உலோகம் அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

துளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாத்திரக் கடையில் ஃபில்டரின் மேலடுக்கைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வாய்ப்பக்கமாக உள்ளே பாருங்கள். துளைகள் ஊசிமுனை அளவில், நெருக்கமாக, தட்டு முழுவதும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பெரிதும் நடுவில் சிறிதுமாக இருந்தால் தண்ணீர் ஓரத்தோடு ஓடிவிடும், நடுவிலுள்ள பொடி சும்மா நனைந்து கிடக்கும். விரலால் தடவினால் பிசிறு தட்டுப்படக் கூடாது. பிறகு இரண்டு அடுக்கையும் பொருத்தி லேசாக ஆட்டிப் பாருங்கள். மேலடுக்கு கீழடுக்கில் கெட்டியாக உட்கார வேண்டும். ஆனால் காற்று வெளியேறவே வழியில்லாமல் இறுகிக்கொண்டால் சொட்டு பாதியில் நின்றுவிடும். பொடியை அழுத்திவைக்கும் குடையின் தட்டு உள்சுவருக்கு மயிரிழை இடைவெளியில் ஏறி இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின், துளை அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். எவர்சில்வர் என்றால் அடித்தட்டை அடுப்புச் சுடரில் கொஞ்ச நேரம் காட்டினால் உள்ளே சிக்கிய பொடி கருகி உதிர்ந்துவிடும். ஈயம் பூசிய பாத்திரத்தை மட்டும் சுடரில் காட்டக் கூடாது, பூச்சு உருகிவிடும்.

பலர் தவறுவது அளவில். விருந்தாளி வந்தால் உதவும் என்று பெரிய ஃபில்டராக வாங்கி, தினமும் அதில் இரண்டு பேருக்குப் பொடி போடுகிறார்கள். அகலமான தட்டில் அந்தப் பொடி மெல்லிய படலமாகப் பரவும்; தண்ணீர் நிற்க இடமில்லாமல் விறுவிறுவென்று இறங்கிவிடும். டிகாக்‌ஷன் நீர்த்துப்போனதற்குப் பழி பொடிக்கடைக்காரர் மேல் விழும். மேலடுக்கில் மூன்றில் ஒரு பங்காவது பொடி நிற்கிற அளவே உங்கள் அளவு. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் சிறிய ஃபில்டர் ஒன்று, விருந்துக்கென்று பெரியது ஒன்று என இரண்டாக வைத்துக்கொள்வதுதான் சரி.

பொடியும் கருவியோடு சேர்ந்த விஷயமே. சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்துச் சொட்டை நிதானப்படுத்துகிறது, டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் தருகிறது. கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். எவ்வளவு சிக்கரி என்பதை உறையிலும் அச்சிட வேண்டும். என் கட்சி 80க்கு 20. அதற்கு மேல் சிக்கரி போனால் கசப்பும் கருமையும்தான் மிஞ்சும். பீபெரி என்பது பழத்துக்குள் இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக விளைந்த கொட்டை. பிளான்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகாவின் பெரிய கொட்டை. இரண்டையும் சரிபாதி கலந்து, பக்குவமாக வறுத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வாங்கினால் எந்த ஃபில்டரும் நன்றாக இறக்கும்.

மின்கருவிகளுக்கு வருவோம். டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் 1908இல் கண்டுபிடித்த காகித வடிகட்டியிலிருந்து வளர்ந்தவை பல. அவை பால் சேர்க்காத மெல்லிய காபிக்கு உகந்தவை. பொடியை இரட்டித்து, தண்ணீரைக் குறைத்துப் போட்டால் நம் டிகாக்‌ஷனுக்குக் கிட்டத்தட்ட வரும். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் இதைக் குறை சொல்ல மாட்டேன். 1933இல் இத்தாலியில் பியாலெட்டி செய்த மோக்கா பாத்திரம் அடுப்பிலேயே ஐந்து நிமிடத்தில் கெட்டியாகத் தரும். முதல் நாளே ஃபில்டர் போட மறந்தவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் இயங்கும் எஸ்பிரஸோ இயந்திரம் விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம். இந்த இரண்டிலும் சிக்கரி கலந்த பொடியைப் போடாதீர்கள். அது பசையாகி வழியை அடைத்துவிடும். பிரெஞ்ச் பிரஸ் பால் காபிக்குப் பொருந்தாது.

பாத்திரம் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள். ஃபில்டரை இத்தனை கப் என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள். கப்பின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். மேலடுக்கு எத்தனை கிராம் பொடி கொள்ளும், கீழடுக்கு எத்தனை மில்லி பிடிக்கும் என்ற இரண்டு எண்களை அடியில் பொறித்துக் கொடுங்கள். வாங்குகிறவர் தம் வீட்டுக்கு உரியதைத் தாமே எடுத்துக்கொள்வார்.