சிவப்புப் பாட்டும் கறுப்புப் பணமும்

திடல் நிரம்பி வழிகிறது. செங்கொடிகள் அலைமோதுகின்றன. அலுவலகப் பணியாளர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற முதியோர் அனைவரும் ஒரே குரலில் புரட்சிப் பாடல்களை முழங்குகின்றனர். சீனத்தின் தென்மேற்கே, யாங்சி ஆற்றங்கரையில் உள்ள சோங்கிங் மாநகரம் அது. பாடச் சொன்னவர், அந்நகரக் கட்சிச் செயலாளர் போ சிலாய். சிவப்பைப் பாடுக, கறுப்பை ஒடுக்குக என்பது அவர் ஆட்சியின் முழக்கம். சிவப்பு என்றது பழைய புரட்சிப் பாட்டை. கறுப்பு என்றது கள்ளக் கும்பலையும் அதற்குக் குடை பிடித்த அதிகாரிகளையும்.

பாட்டு ஓய்ந்தது. 2013 செப்டம்பர் 22ஆம் நாள், ஜினான் நகர நீதிமன்றத்தில் கைவிலங்குடன் நின்றார் அதே போ சிலாய். கையூட்டு, கையாடல், அதிகார முறைகேடு ஆகிய மூன்று குற்றங்கள், ஆயுள் சிறை!

விதி செய்த வேலை என்பர் சிலர். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று பழமொழி பேசி மனநிறைவு கொள்வர் வேறு சிலர். நாம் இரண்டையும் ஏற்பதற்கில்லை. உயர்ந்ததற்கும் காரணம் உண்டு. வீழ்ந்ததற்கும் காரணம் உண்டு. அதைத் தேடுவோம்.

புரட்சித் தலைவர்களுள் ஒருவரும் துணைப் பிரதமராக இருந்தவருமான போ யிபோவின் மகன் இவர். 1966இல் எழுந்த கலாச்சாரப் புரட்சி இக்குடும்பத்தைச் சூறையாடிற்று. தந்தை சிறைப்பட்டார், தாய் மாண்டார், இளைஞரான மகனும் அடைபட்டார். புயல் ஓய்ந்தபின் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்ற பாடம் எது தெரியுமா? வரலாறு! 1993இல் தாலியன் நகர மேயர். 2001இல் லியாவோநிங் மாநில ஆளுநர். 2004இல் வணிக அமைச்சர். 2007இல் கட்சியின் அரசியல் குழுவில் இடம். ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் வாழும் சோங்கிங்கில் தலைமை. ஏணியில் ஒரு படிகூடத் தவறவில்லை!

திறமையற்றவரா? அல்லர். தாலியனில் புல்வெளிகளும் சதுக்கங்களும் கண்டார். சோங்கிங்கில் ஏழை எளியோர்க்கு வாடகைக் குடியிருப்புகள் எழுப்பினார், மரங்கள் நட்டார். அந்த நன்மையை மறைப்பது நேர்மையன்று. ஆனால், நன்மையைக் காட்டிக் கேள்வியை அடைப்பது அதனினும் நேர்மையன்று.

பாட்டுக்கு வருவோம். மக்கள் நெஞ்சில் ஊறி எழும் பாட்டு ஆள்வோரை அசைக்கும். ஆணையால் பிறக்கும் பாட்டோ ஆள்வோரைத் தாலாட்டும்! நகரத் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அங்கும் சிவப்பு நிகழ்ச்சிகள். மாவோவின் மொழிகள் கைப்பேசிகளுக்குச் செய்தியாகப் பறந்தன. தம் குடும்பத்தைச் சிதைத்த காலத்தின் பாடல்களையே தம் புகழுக்குப் பல்லவியாக்கிக் கொண்டார், வரலாறு கற்றவர்!

கறுப்பை ஒடுக்கிய கதை இன்னும் கொடிது. முன்னாள் காவல் அதிகாரி வென் சியாங்குக்கு 2010 சூலையில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் வதைக்கப்பட்டார் என்று எடுத்துரைத்தார் வழக்கறிஞர் லி சுவாங்; சான்றைத் திரித்தார் என்று அவரையே சிறையிலிட்டனர்! நீதி கேட்க வந்தவனே குற்றவாளிக் கூண்டில் நின்றால், அந்த மன்றத்தில் எஞ்சுவது என்ன?

நாம் மறக்கக் கூடாத பெயர் ஒன்று உண்டு. ஜியாங் வெய்பிங் ஓர் இதழாளர். வடகிழக்கு நகரங்களின் ஊழலை, தாலியன் மேயரையும் விட்டுவைக்காமல், 1999இல் ஹாங்காங் இதழொன்றில் எழுதினார். பரிசு? 2000 டிசம்பரில் கைது, எட்டாண்டுச் சிறை! அரசின் மறைபொருளை வெளியிட்டாராம்! பின்னர் ஆறாண்டாகக் குறைத்தனர், 2006இல்தான் வெளிவந்தார்.

இப்போது நீதிமன்றத் தீர்ப்பைப் பாரீர். கையூட்டு 2 கோடியே 4 இலட்சம் யுவானுக்கு மேல். கையாடல் 50 இலட்சம். தாலியன் செல்வர் சூ மிங் அக்குடும்பத்துக்கு அளித்தவற்றுள், பிரான்சு நாட்டுக் கான் நகர மாளிகையும் ஒன்று. வாங்கிய காலம்? 1999 முதல்! எழுதியவன் சிறையில் இருந்தபோது, வாங்கியவர் ஆளுநரானார், அமைச்சரானார்.

பின் வீழ்ந்தது எப்படி? மக்கள் கேட்டா? இல்லை. 2011 நவம்பரில் ஆங்கிலேயர் நீல் ஹேவுட், சோங்கிங் விடுதியில் பிணமானார். நஞ்சிட்டவர் போவின் மனைவி கு கைலாய் என்பதைக் காவல் தலைவர் வாங் லிஜுன் போவிடம் கூறினார். விடை, கன்னத்தில் ஓர் அறை! அஞ்சிய வாங், 2012 பிப்ரவரி 6இல் செங்டு நகர அமெரிக்கத் துணைத் தூதரகத்துள் புகுந்தார். மார்ச்சில் போவின் பதவி பறிபோயிற்று. நின்று கொன்றது தெய்வமன்று, கூட்டாளிகளின் பிளவு! அந்த அறை விழாதிருந்தால், பாட்டு இன்னும் எத்தனை ஆண்டு தொடர்ந்திருக்கும்?

ஒருவர் சிறை சென்றார், ஊர் தூய்மையாயிற்றா? அதே நாற்காலியில் 2012இல் அமர்ந்தவர் சுன் செங்சாய். 2018 மே மாதம் அவருக்கும் ஆயுள் சிறை! கையூட்டு 17 கோடி யுவானுக்கு மேல்! ஆள் மாறினார், நாற்காலி மாறவில்லை. கேள்வி கேட்கும் வாய்க்கு அதனருகே இடமில்லை.

பள்ளியில் விடைத்தாள் திருத்துகிறோம் நாம். தன் தாளைத் தானே திருத்த ஒரு மாணவனை விட்டால், அவன் நூற்றுக்கு நூறு வாங்குவான். தவறு காட்டும் தோழனையும் வெளியே தள்ளுவான். ஆண்டிறுதியில் அவனைப் பிரம்பால் அடிப்பதனால் பயன் என்ன? தாளை அவன் கையிலிருந்து முதலிலேயே வாங்கியிருக்க வேண்டாமா?

இளைஞர்களே! வீழ்ந்தவர்மீது கல்லெறிவது எளிது. அதற்கு வீரம் வேண்டா. ஆள்பவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே, ஊர் முழுதும் அவர் புகழ் பாடும்போதே, "கணக்கு எங்கே?" என்று கேட்பதுதான் வீரம். ஜியாங் வெய்பிங் கேட்டார். அவர் கேட்ட நாளில் நாடு செவி சாய்த்திருந்தால், கைவிலங்குக்கு வேலையே இருந்திராது!